நடுங்கும் மண்ணோடு வாழ்தல்

நிலநடுக்கம், வறட்சி, புயல், போர் - கட்ச் வாங்காத அடி இல்லை. ஒவ்வொரு முறையும் அது எழுந்து நின்ற விதத்தில் மற்ற ஊர்களுக்கும் பாடம் இருக்கிறது.

பூஜ் நகரின் நடுவில் இருக்கும் ஹமீர்சர் ஏரி நிரம்பி வழிந்தால் அன்று ஊருக்கு விடுமுறை. அலுவலகங்கள், பள்ளிகள் எல்லாம் மூடிவிடும். நகராட்சித் தலைவர் மேளதாளத்தோடு வந்து தண்ணீருக்குப் பூஜை செய்வார். 'மேக லாடு' என்று பெயர் சூட்டிய லட்டு வினியோகமாகும். மன்னர் ஆட்சிக் காலத்து வழக்கம் இன்னமும் தொடர்கிறது. மற்ற ஊர்களில் ஏரி உடைந்தால் விடுமுறை விடுவார்கள். இங்கே நிரம்பினாலே விடுமுறை. காரணம் எளிது: அந்த நாள் எல்லா வருடமும் வருவதில்லை.

குஜராத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கட்ச், பரப்பில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம். சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். வடக்கிலும் கிழக்கிலும் ரண் என்னும் உப்புவெளி. தெற்கிலும் மேற்கிலும் கடல். மழை குறைவு, அதைவிட முக்கியமாக நம்பத் தகாதது. ஒரு வருடம் கொட்டும், அடுத்த இரண்டு வருடம் ஏமாற்றும். கட்ச் மக்களின் புத்தாண்டு தீபாவளியை ஒட்டி வருவதல்ல. மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கும் ஆஷாட மாதத்தின் வளர்பிறை இரண்டாம் நாளான 'ஆஷாடி பீஜ்' அன்று வருகிறது.

வானத்தை நம்ப முடியாத இந்த ஊரில் பூமியையும் நம்ப முடியாது. 1819 ஜூனில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் ரண் பகுதியின் ஒரு பக்கம் தாழ்ந்தது, மறு பக்கம் நீண்ட மேடாக உயர்ந்தது. மனிதர் கட்டாத அந்த மேட்டுக்கு 'அல்லா பந்த்' - கடவுள் கட்டிய அணை - என்று மக்கள் பெயர் வைத்தார்கள். சிந்த்ரி என்ற கோட்டை நீரில் மூழ்கியது. 1956 ஜூலையில் அஞ்சார் நகரைக் குலுக்கிய நடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு 45 வருடம் அமைதி. இரண்டு தலைமுறை வளர்ந்து வீடு கட்டிக் குடியேறப் போதுமான காலம். அதேபோல் மறப்பதற்கும் போதுமான காலம்.

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. பச்சாவ் அருகே மையம் கொண்ட நிலநடுக்கம் ரிக்டர் அளவில் 7-ஐத் தாண்டியது. குஜராத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்ச் மக்கள். இடிந்தும் விரிசல் விட்டும் போன வீடுகள் பத்து லட்சத்துக்கு மேல். பூஜ் நகரின் அரசு மருத்துவமனையே தரைமட்டமானது. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடமே இல்லாமல் போனது.

அன்று குடியரசு தினம். அஞ்சாரில் தேசியக் கொடிகளோடு பள்ளிக் குழந்தைகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் குறுகலான தெருவில் நுழைந்த நேரம். இரண்டு பக்கக் கட்டடங்களும் சரிந்ததில் 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் புதைந்து போனார்கள். திறந்த மைதானத்தில் இருந்திருந்தால் அநேகமாக எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். 1956-ல் அடிபட்ட அதே ஊர்தான் இது. தெருவின் அகலத்தையும் சுவரின் பலத்தையும் யாரும் அதன் பிறகு தீவிரமாக யோசிக்கவில்லை. பாறைத் துண்டுகளை மண் கலவையில் அடுக்கிய சுவர்கள், மேலே கனமான கூரை - விழுந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவையோ புதிய அடுக்குமாடிகள். கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நின்ற பல கட்டடங்கள் மடங்கி உட்கார்ந்தன. ஆக, பழசு என்பதால் விழுந்தது, புதுசு என்பதால் நின்றது என்று சொல்ல வழியில்லை.

எது நின்றது என்று பார்க்க பூஜிலிருந்து வடக்கே போக வேண்டும். தார்ச்சாலை நேர்கோடாக ஓடி ரண் எல்லையைத் தொடும் பன்னி புல்வெளியில், மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்போரின் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வீட்டின் பெயர் 'புங்கா'. நெடிலாக உச்சரித்தால் தமிழர் காதில் பூங்கா என்று விழும், பார்வைக்கும் குளிர்ச்சிதான். வட்டமான மண் சுவர், அதன் மேல் கூம்பு வடிவில் புல் கூரை, ஒரு வாசல், சிறு ஜன்னல்கள். உள்சுவரில் களிமண்ணைக் குழைத்துச் சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்துப் பெண்கள் செய்யும் பூவேலை. ஒரே விளக்கு வைத்தால் அறை முழுவதும் மினுங்கும்.

இந்த அழகுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது சதுர வீட்டின் மூலைகள்தான் முதலில் பிளக்கும். வட்டத்துக்கு மூலை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து அதிர்வு வந்தாலும் சுவர் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. சுவர் உயரம் குறைவு. கூரை லேசு, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. வெயிலில் குளிர்ச்சி, குளிரில் வெதுவெதுப்பு என்பது கூடுதல் லாபம். 1819 நடுக்கத்துக்குப் பிறகே இந்த வடிவம் பரவியது என்று சொல்வதுண்டு. 2001-ல் ஒழுங்காகக் கட்டிப் பராமரித்த புங்காக்கள் பெரும்பாலும் நின்றன. புல்லுக்குப் பதிலாகக் கனமான ஓடு போட்டவையும், கவனிப்பில்லாமல் விட்டவையும் சேதமடைந்தன. வடிவத்தின் மந்திரம் பாதி. வருடா வருடம் சுவரை மெழுகிக் கூரையை மாற்றும் கைகளின் உழைப்பு மீதி. மெழுகும்போதே அடுத்த தலைமுறைப் பெண் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறாள். அஞ்சார் மறந்ததைப் பன்னி மறக்காததற்கு இதுதான் காரணம். புத்தகத்தில் எழுதி வைத்த எச்சரிக்கை தூங்கிவிடும். வருடா வருடம் செய்யும் வேலை தூங்குவதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் பன்னிக்குத் தன் வழி உண்டு. நிலத்தடி நீர் உப்பு. ஆனால் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. பள்ளத்தில் இறங்கும் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து தங்குகிறது. மால்தாரிகள் அந்தப் பள்ளங்களில் ஆழம் குறைந்த கிணறுகளைத் தோண்டுகிறார்கள். 'விர்டா' என்று பெயர். மரத்துண்டுகளால் சட்டம் கட்டிப் புல்லால் பக்கத்தை அணைகட்டுகிறார்கள். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். அளவாக எடுத்தால் மாதக்கணக்கில் நல்ல தண்ணீர். இங்குள்ள எருமைகளும் ஊருக்கேற்றவை: பகல் வெயிலுக்குத் தப்பி இரவில் தாமாகவே மேயப் போய் விடியலில் கறவைக்குத் திரும்பிவிடும். 2010-ல் பன்னி எருமை தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

வெளியிலிருந்து வந்த நல்லெண்ணம் எல்லாம் நன்மையில் முடிவதில்லை என்பதற்கும் பன்னியே சாட்சி. ரண் பரவுவதைத் தடுக்க 1960-களில் வனத்துறை இங்கே ஒரு மரத்தைப் பெருமளவில் விதைத்தது. அது புல்வெளியை விழுங்கியது. உள்ளூர் மக்கள் அதை 'காண்டோ பாவல்' - பைத்தியக் கருவேலம் - என்கிறார்கள். ராமநாதபுரம், விருதுநகர் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அது நம் சீமைக் கருவேலம்தான். புல் போனதும் மாடு போகிறது, மாடு போனதும் பிழைப்பு போகிறது. விறகுக்கரி சுட்டு விற்பது வறட்சிக் காலத்தில் கைகொடுத்தாலும், கால்நடை தந்த நிமிர்வைக் கரிமூட்டை தருவதில்லை.

2001-க்குப் பின் அரசு செய்த காரியங்களில் ஒன்று கவனிக்கத் தக்கது. கிராமங்களை மொத்தமாக இடம் மாற்றி, காண்டிராக்டரை வைத்து வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. பல கிராமங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னார்வ நிறுவனங்களும் எதிர்த்தன. கடைசியில் வீட்டுக்காரரின் கையிலேயே பணத்தைத் தவணைகளாகக் கொடுப்பது என்று முடிவானது. அஸ்திவாரம் ஒழுங்காக இருக்கிறதா, சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா என்று பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. கடனும் மானியமும் உலக வங்கி வரை போய் வாங்கியவை. ஆனால் கம்பி எத்தனை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தவர் வீட்டுக்காரர். இந்த முறை பின்னர் நாட்டின் மற்ற இடங்களில் பேரிடர் நேர்ந்தபோதும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பூஜில் உருவான 'ஹுன்னர்ஷாலா' என்ற அமைப்பு, உள்ளூர் கைவினைஞர்களின் கட்டடக் கலையை நவீனப் பொறியியலோடு சேர்த்து, 2008 வெள்ளத்துக்குப் பிறகு பீகாரின் கோசி ஆற்றுப் படுகை வரை கொண்டு போனது.

பூஜ் நகரின் பழைய கோட்டைக்குள் வேலை இன்னும் சிக்கல். தெருவை அகலப்படுத்த இடம் வேண்டும், யார் கொடுப்பது? மனைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெட்டி, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிகச் சிறிய மனைகளுக்கு விலக்கு. பெரிய மனைகளில் வெட்டும் பெரிது. சண்டை, வழக்கு, தாமதம் எல்லாம் இருந்தன. ஆனாலும் முன்பு ஆம்புலன்ஸ் நுழைய முடியாத இடத்தில் இன்று தீயணைப்பு வண்டி திரும்புகிறது. 2004 ஜனவரியில் திறந்த புதிய அரசு மருத்துவமனை, ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. தரை ஆடும்போது அதிர்ச்சியின் பெரும் பகுதியைத் தாங்கிகள் வாங்கிக்கொள்ளும்; கட்டடம் மெல்ல அசையும். நியூஸிலாந்துத் தொழில்நுட்பம். ஆனால் பூமியோடு மல்லுக்கட்டாமல் விட்டுக்கொடுத்து நிற்பது என்ற யோசனை புங்காவின் தூரத்துச் சொந்தம்.

கணக்கில் கடன் பக்கமும் உண்டு. உதவி என்பது சொத்துக்குத் தந்தது. சொத்து இல்லாதவருக்குக் கிடைத்தது குறைவு. வாடகைக்கு இருந்தவர்கள் வீடு இழந்தும் 'வீட்டுக்காரர்' பட்டியலில் வரவில்லை. அவர்களில் பலர் ஊருக்கு வெளியே தற்காலிகக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். நகரைச் சுற்றி எழுந்த புதிய குடியிருப்புகளில் சில, ஒரே சாதிக்கு, ஒரே மதத்துக்கு என்று தனித்தனியே அமைந்தன. பழைய பூஜின் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள், அகலமான தெருக்களில் விலகிப் போனார்கள். இடிபாட்டிலிருந்து முதல் சில மணி நேரத்தில் ஆட்களை இழுத்துப் போடுவது ராணுவமோ வெளிநாட்டுக் குழுவோ அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் யாரென்று தெரியாத தெரு எத்தனை அகலமாக இருந்தும் அந்த இடத்தில் ஒரு பலவீனம் நிற்கிறது.

பூஜுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் 'அஜ்ரக்பூர்' இருக்கிறது. 2001-க்கு முன் இப்படி ஓர் ஊர் கிடையாது. அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கொண்டு மர அச்சால் அஜ்ரக் துணி அச்சிடும் கத்ரி குடும்பங்கள், 16-ஆம் நூற்றாண்டில் சிந்துவிலிருந்து கட்ச் மன்னர் அழைத்து வந்து குடியமர்த்தியவர்கள். தமட்கா கிராமமே அவர்கள் ஊர். நிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியதோடு நிற்கவில்லை. நிலத்தடி நீரையும் மாற்றியது. நீர்மட்டம் இறங்கியது, நீரில் இரும்புச் சத்து ஏறியது. சாதாரணக் குடும்பத்துக்கு அது ருசிப் பிரச்சினை. அஜ்ரக்காரர்களுக்கோ பிழைப்பே போகும் பிரச்சினை. ஒரு துணியைப் பல முறை அலசி, பதினைந்து பதினாறு நிலைகள் தாண்டிச் செய்யும் தொழிலில் இரும்பு கலந்த தண்ணீர் சாயத்தை மங்கடித்துவிடும்.

சில குடும்பங்கள் பழைய ஊரிலேயே தங்கின. மற்றவை சேர்ந்து நிலம் வாங்கி, நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தில் புது ஊர் அமைத்தன. ஊருக்குத் தொழிலின் பெயரையே வைத்தன. முன்னின்றவர்களில் ஒருவரான இஸ்மாயில் முகமது கத்ரிக்கு இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003-ல் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. மேற்கத்திய ரசாயனச் சாயங்கள் வந்தபின் கைவிட்டுப் போன இயற்கைச் சாய முறைகளை அவருடைய தந்தை மீட்டெடுத்திருந்தார். ஊர் போனாலும் தொழில் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கையில் தனித்துவமான சரக்கு இருந்ததால் வாங்குவோர் தேடி வந்தனர். 2024-ல் கட்ச் அஜ்ரக் புவிசார் குறியீடு பெற்றது.

தர்மம் வேண்டாம், வேலை வேண்டும் என்பது கட்சின் பழைய பிடிவாதம். 1969 வறட்சியில் தனேட்டி கிராமத்துக்கு நிவாரணப் பணிக்கு வந்த மும்பைப் பெண் சந்தா ஷ்ராஃப், பெண்கள் இலவசத்தை வாங்கத் தயங்குவதைக் கண்டார். அவர்களிடம் இருந்தது எம்பிராய்டரிக் கை. சேலைகளைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னார். 'ஸ்ருஜன்' அமைப்பு அப்படிப் பிறந்தது. 2001-க்குப் பின் வந்த 'கமீர்' அமைப்பு, மானாவாரியில் விளையும் பழைய ரகமான காலா பருத்தியை மீண்டும் நெசவாளர்களிடம் சேர்த்தது. பாசனம் கேட்காத, பூச்சிமருந்து கேட்காத பருத்தி. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணியைப் போல, சந்தை ஒதுக்கியதை மண் ஒதுக்கவில்லை. மழை பொய்த்த வருடத்திலும் ஏதோ ஒரு பிடி கிடைக்கும்.

வெறுங்கையோடு களத்தில் இறங்கும் இந்தக் குணத்துக்குப் போர்க்கால அத்தாட்சியும் உண்டு. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் விமானங்கள் பூஜ் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையைக் குண்டு வீசிச் சிதைத்தன. பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் வந்து 72 மணி நேரத்தில் சரிசெய்தார்கள். அபாயச் சங்கு ஊதினால் புதருக்குள் பதுங்குவது, அடங்கியதும் மறுபடி கலவை சுமப்பது. அவர்களுக்கு மாதாபரில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

மனிதரும் சமூகமும் இப்படி நிமிர்ந்தபோது அரசு என்ன கற்றுக்கொண்டது? இரண்டு புயல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1998 ஜூன் 9-ஆம் தேதி காண்ட்லா துறைமுகத்தைப் புயல் தாக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலோரக் குடிசைகளில் இருந்த உப்பளத் தொழிலாளர்களும் துறைமுகக் கூலிகளும் அவர்களில் மிகுதி. 2023 ஜூன் 15-ஆம் தேதி 'பிபர்ஜாய்' ஜக்காவ் துறைமுகம் அருகே கரை கடந்தது. அதற்குள் குஜராத் கடலோரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன, கால்நடைகள் செத்தன. ஆனால் கரை கடந்த பின் மனித உயிர்ச்சேதம் இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தனர். பிந்தைய புயலின் வேகம் குறைவு என்பது உண்மை. அதைக் கழித்தாலும் மிஞ்சும் வித்தியாசம் பெரிது. நிலநடுக்கத்துக்குச் சில வாரங்களுக்குள் குஜராத் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. 2003-ல் மாநிலச் சட்டம், 2005-ல் தேசியச் சட்டம். காகிதத்தில் இருந்த பிரிவுகள் பஸ் ஆகவும் பள்ளிக்கூட முகாமாகவும் சமைத்த உணவாகவும் மாறியதில்தான் பலன்.

ஆனால் கட்ச் இப்போது வேறொரு சோதனையில் இருக்கிறது. 2001-ல் மத்திய அரசு அறிவித்த வரிச் சலுகை, தொழிற்சாலைகளை வரிசையில் கொண்டு வந்தது. வேலை வந்தது, பணம் வந்தது, நர்மதைத் தண்ணீர் குழாயில் வந்தது. கூடவே நிலத்தடி நீரை உறிஞ்சும் குழாய்க்கிணறுகளும், கடலோரச் சதுப்புக் காடுகள் மேல் நெருக்கடியும் வந்தன. 2001-ல் பிறந்த குழந்தைகள் இன்று சொந்த வீடு கட்டும் வயதை எட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுக்கம் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. 1956-க்கும் 2001-க்கும் இடையில் ஓடிய 45 வருடத்தில் பாதிக்கு மேல் மறுபடி ஓடிவிட்டது.

பூஜை ஒட்டிய புஜியா குன்றில் 470 ஏக்கரில் 'ஸ்மிருதிவன்' நினைவிடம் 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி திறக்கப்பட்டது. அஞ்சார் குழந்தைகளுக்கான நினைவிடமும் அன்றே திறக்கப்பட்டது. குன்றின் சரிவுகளில் மழைநீரைத் தேக்கும் சிறு சிறு தடுப்பணைகள். அவற்றின் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள். சுற்றி வளரும் மரங்கள். மியூஸியத்துக்குள் நிலநடுக்கத்தை உணர்த்தும் அரங்கம் ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடிவிட்டு வருகிறார்கள். வெளியே வந்து குன்றின் மேலிருந்து பார்த்தால் பூஜ் முழுவதும் தெரிகிறது: அகலமான வளையச் சாலை, தாங்கிகள் மேல் நிற்கும் மருத்துவமனை, ஹமீர்சரின் நீர்ப்பரப்பு, நடுநடுவே புதிதாக எழும் மாடிக் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களின் தூண்களுக்குள் எத்தனை கம்பி ஓடுகிறது என்பது குன்றிலிருந்து தெரியாது. அதைக் கொத்தனார் அறிவார். கையெழுத்துப் போடும் பொறியாளர் அறிந்திருக்க வேண்டும்.